சமூக மருத்துவமனையின் நிதித் திரட்டுச் சந்தை: முதன்முறை தொண்டூழியம் செய்பவர்களுக்கு

பொது மருத்துவமனையில் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. ஆனால் தானே எழுந்து நடந்து வீட்டுக்குப் போகும் நிலை இன்னும் வரவில்லை. இடுப்பெலும்பு முறிந்தவர், பக்கவாதத்தில் ஒரு பக்கம் செயலிழந்தவர், நிமோனியாவுக்குப் பிறகு உடல் துவண்டுபோனவர் என இப்படிப்பட்டவர்களைச் சில வாரங்கள் வைத்திருந்து, மறுபடி உட்காரவும் நிற்கவும் நடக்கவும் பழக்கி அனுப்பும் இடம்தான் சிங்கப்பூரின் சமூக மருத்துவமனை. சிமெயில் செயின்ட் ஆண்ட்ரூஸ், புக்கிட் பாத்தோக்கில் செயின்ட் லூக்ஸ், ஐராவதி ரோட்டில் ரென் சி, அங் மோ கியோவில் தை ஹுவா குவான் ஆகியவை அறநிறுவனங்கள் நடத்துபவை. செயின்ட் ஆண்ட்ரூஸின் வேர் 1913 வரை போகிறது. அந்த ஆண்டில்தான் டாக்டர் சார்லட் ஃபெர்குசன் டேவி, பென்கூலன் ஸ்ட்ரீட்டில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு சின்ன மருந்தகத்தைத் திறந்தார்.

அரசாங்க மானியம் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கிடைக்கிறது. அது போக மீதிக் கட்டணத்தைக் கட்ட முடியாத குடும்பங்கள் இருக்கின்றன. சிகிச்சைக் கூடத்துக்குப் புதிய கருவி வேண்டும், வீடு திரும்பியவர்களைப் பின்தொடர ஆள் வேண்டும். இதற்கெல்லாம் நன்கொடைதான் கைகொடுக்கிறது. அதைத் திரட்டும் வழிகளில் பழையதும், பலருக்குப் பிடித்ததும் கேளிக்கைச் சந்தை. சாப்பாட்டுக் கடைகள், பழைய பொருள் கடை, பிள்ளைகளுக்கு விளையாட்டு, மேடையில் பாட்டு என்று ஒரு நாள் முழுக்க நடக்கும்.

மேடைக்குப் பக்கத்தில் நிற்கவும் கடையில் விற்கவும் ஆட்கள் எளிதாகக் கிடைப்பார்கள். கூப்பன் எண்ணவும், பாத்திரம் கழுவவும், சக்கர நாற்காலி தள்ளவும், கடைசியில் கூடாரத்தைப் பிரித்து மேசைகளை மடிக்கவும்தான் ஆள் பற்றாக்குறை. முதன்முறை வருபவர் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு முடியும்வரை நின்றால், அந்தச் சந்தைக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. இந்தக் கட்டுரையில் அந்த வேலைகளைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

பதிவு செய்வதற்கு முன்

எல்லாச் சமூக மருத்துவமனைகளும் ஆண்டுதோறும் சந்தை நடத்துவதில்லை. சில இடங்களில் நடைப்பயணம், சில இடங்களில் விருந்து. மருத்துவமனையின் இணையத்தளத்தில் தொண்டூழியர் பக்கத்தைப் பாருங்கள். நன்கொடைக்கும் தொண்டூழியத்துக்குமான கிவிங்.எஸ்ஜி தளத்திலும் தேடலாம். பள்ளிப் பிள்ளைகள் 'விஐஏ' எனப்படும் பள்ளிச் சமூக சேவைத் திட்டத்தின் மணி நேரத்துக்காக வருவதென்றால், யார் கையெழுத்துப் போடுவார்கள் என்பதைப் பதியும்போதே கேட்டுவிடுவது நல்லது. சந்தை முடிந்த பிறகு படிவத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்காது.

முன்பின் தெரியாத ஒரு வாட்ஸ்அப் செய்தி 'மருத்துவமனைக்கு நிதி திரட்டுகிறோம், வாருங்கள்' என்று அழைத்தால், அறநிறுவனத் தளமான சேரிட்டி போர்ட்டலில் அந்த அமைப்பின் பெயரைத் தேடிப் பாருங்கள். பதிவு பெற்ற அறநிறுவனமா, வரிக்கழிவு தரும் பொதுநல அமைப்பா என்று அங்கேயே தெரிந்துவிடும். மருத்துவமனைக்கும் ஒரு தொலைபேசி அழைப்புப் போடுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நேர்மையான ஏற்பாட்டாளர்கள் இந்தக் கேள்வியை வரவேற்பார்கள்.

படிவத்தில் 'எந்த வேலையும் செய்வேன்' என்று எழுதுவது பணிவாகத் தோன்றும். ஆனால் வேலை பிரித்துக் கொடுப்பவருக்கு அதனால் பயனில்லை. என்ன முடியும், என்ன முடியாது என்று எழுதுங்கள். முதுகுவலி இருந்தால் பாரம் தூக்க முடியாது என்று சொல்லுங்கள். இறைச்சி கையாள மாட்டீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். காலை எட்டு மணியா, மாலை கடை கட்டும் நேரமா, எப்போது வர முடியும் என்று குறிப்பிடுங்கள். கடை கட்டும் நேரத்துக்கு வருகிறேன் என்பவரின் பெயரை ஏற்பாட்டாளர் மறக்கவே மாட்டார்.

உங்களுக்குத் தெரிந்த மொழிகளையும் மறக்காமல் எழுதுங்கள். தமிழ் மட்டுமே சரளமாகப் பேசும் நோயாளிகள் வார்டுகளில் இருக்கிறார்கள். துறைமுகத்திலும் கட்டுமானத்திலும் உழைத்து ஓய்ந்த தாத்தாக்கள், ஐம்பது ஆண்டுகளாக இங்கேயே இருந்தும் ஆங்கிலம் படியாத பாட்டிகள். சந்தை நாளில் அவர்களைக் கீழே அழைத்து வருவார்கள். அவர்கள் பக்கத்தில் தமிழ் பேசும் ஒருவர் இருப்பது, கடையில் நூறு வடை விற்பதற்குக் குறைந்த வேலையில்லை.

கூப்பன் புத்தகம்

சந்தைக்குச் சில வாரங்களுக்கு முன்பே வேலை தொடங்கிவிடும். சந்தைக் கடைகளில் பணத்துக்குப் பதில் கொடுக்கும் கூப்பன் புத்தகங்களைத் தெரிந்தவர்களிடம் விற்றுத் தரச் சொல்வார்கள். அந்தப் புத்தகத்தைப் பணமாகவே நினையுங்கள். வரிசை எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். யாருக்கு எந்த எண் கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். விற்காததைக் குறித்த தேதிக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்களிடமே தங்கிவிட்ட ஒரு புத்தகத்தால் கணக்குப் பார்ப்பவர் இரவு பத்து மணிவரை உட்கார நேரிடும்.

நண்பர்களும் உறவினர்களும் சரி. ஆனால் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் நின்று வழிப்போக்கர்களிடம் விற்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். பொது இடத்தில் நிதி திரட்ட அனுமதி வேண்டும். மருத்துவமனை பெற்றிருக்கும் அனுமதி எந்த இடத்துக்கு, எந்த நாளுக்கு என்று இருக்கும். அதேபோல, 'நாமே ஒரு குலுக்கல் சீட்டுப் போட்டால் என்ன?' என்று ஆர்வத்தில் யாராவது கேட்பார்கள். காசு வாங்கிக்கொண்டு பரிசுக் குலுக்கல் நடத்துவது 2022ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வரும் விஷயம். அதை மருத்துவமனையின் முடிவுக்கு விட்டுவிடுங்கள்.

வாங்குபவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: 'இதற்கு வரிக்கழிவு கிடைக்குமா?' பொதுநல அமைப்பு என்ற தகுதி பெற்ற அறநிறுவனத்துக்குக் கொடுக்கும் தகுதியுள்ள நன்கொடைக்கு 2026 டிசம்பர் 31 வரை 250 விழுக்காடு வரிக்கழிவு உண்டு. நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தால் வரி விதிக்கப்படும் வருமானத்திலிருந்து 250 வெள்ளி கழியும். ஆனால் சாப்பிட்டுத் தீர்க்கும் கூப்பனும் சும்மா கொடுக்கும் நன்கொடையும் ஒன்றல்ல. கூப்பனுக்குக் கழிவு உண்டென்று நீங்களாக வாக்குக் கொடுக்காதீர்கள். கழிவு வேண்டுபவரை நன்கொடை மேசைக்கு அனுப்புங்கள். அங்கே அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தால்தான் அது தானாக வருமான வரிக் கணக்கில் சேரும். ரசீதை மட்டும் பத்திரப்படுத்திப் பிறகு காட்டலாம் என்ற பழைய வழக்கம் இப்போது இல்லை. அந்த எண்ணை நீங்கள் உங்கள் கைப்பேசியில் குறித்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பழைய பொருள் கடை

இதை நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பலரும் இதை எளிதான வேலை என்று நினைத்து வருகிறார்கள்.

சந்தைக்கு இரண்டு வாரம் முன்பே பைகள் வந்து குவியும். துணி, பொம்மை, பீங்கான், புத்தகம், ஒரு கால் இல்லாத மேசை, யாரோ வீட்டைக் காலி செய்தபோது கிடைத்த எல்லாமும். முதல் வேலை பிரிப்பது. விற்கலாம், துடைத்தால் விற்கலாம், விற்க முடியாது என்று மூன்று குவியல் போதும். நான்காவதாக 'பிறகு பார்க்கலாம்' குவியல் ஒன்று போட்டீர்கள் என்றால் எல்லாமே அதில்தான் போய்ச் சேரும்.

விற்க முடியாதவற்றில் தயவுதாட்சண்யம் பார்க்காதீர்கள். கறை படிந்த தலையணை, உள்ளாடை, ஒட்டுத்தூள் உதிரும் காலணி, காலாவதியான பால்மாவு, ஒயர் பிய்ந்த மின்விசிறி எல்லாம் நேராக வெளியே. மின்பொருள் எதுவாக இருந்தாலும் செருகிப் பார்க்காமல் மேசைக்கு வரக் கூடாது. பிள்ளைகளின் பொம்மையில் கழன்று வரும் சிறு பாகம் இருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். பையின் உள்ளறைகளையும் கோட்டுப் பாக்கெட்டுகளையும் தடவிப் பார்ப்பது கட்டாயம். நகை, பணம், கடவுச்சீட்டு, தாலிக்கயிறுகூட வந்து சேர்வதுண்டு. கிடைத்தால் இன்னொருவரை அழைத்து அவர் முன்னிலையில் பொறுப்பாளரிடம் கொடுத்து எழுதி வையுங்கள்.

விலை போடுவதில் ஒரே விதி: கூப்பன் மதிப்புக்கு ஏற்ற முழு எண். கூப்பன் இரண்டு வெள்ளி என்றால் எல்லாமே இரண்டு, நான்கு, பத்து. மூன்றரை வெள்ளி என்று எழுதினால் மீதிச் சில்லறைக்கு வழி இல்லை, வரிசையும் நகராது. காலையில் வியாபாரிகள் வந்து நல்லதை மொத்தமாக அள்ளப் பார்ப்பார்கள். திறக்கும் நேரத்துக்கு முன் யாருக்கும் விற்கக் கூடாது, தொண்டூழியர்கள் தங்களுக்கென்று எடுத்து ஒதுக்கவும் கூடாது. வேண்டுமென்றால் கடை திறந்த பிறகு மற்றவர்களைப் போல வரிசையில் நின்று வாங்கலாம். மதியத்துக்கு மேல் விலையைக் குறைப்பது பொறுப்பாளரின் முடிவு. அவரை நச்சரித்தாவது குறைக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் விற்காமல் நிற்பதை அப்புறப்படுத்த லாரிக்குத்தான் காசு போகும்.

தமிழ்ப் புத்தகங்கள் வந்தால் அவற்றை ஆங்கிலப் புத்தகங்களோடு கலக்காமல் தனியாக, முகப்பு தெரியும்படி அடுக்குங்கள். தேடி வருபவர்கள் குறைவு. வருபவர்கள் பத்துப் பதினைந்தாக வாங்குவார்கள்.

சாப்பாட்டுக் கடை

முறுக்கும் வடையும் மீ கோரிங்கும் தே தாரிக்கும் இல்லாமல் இங்கே சந்தை இல்லை. ஆனால் வீட்டில் செய்து எடுத்து வரலாமா என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். தற்காலிகச் சந்தைகளின் உணவுக் கடைகளுக்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் விதிகள் உண்டு. எந்தக் கடை எங்கே சமைத்த உணவை விற்கலாம் என்று மருத்துவமனை முன்பே ஏற்பாடு செய்திருக்கும். உணவைத் தொட்டுக் கையாளும் பொறுப்பு வேண்டுமென்றால், உணவுப் பாதுகாப்புப் பயிற்சியின் முதல் நிலையை முடித்திருக்கிறீர்களா என்று கேட்கலாம். முடிக்காதவர்களுக்கும் கூப்பன் வாங்குவது, பொட்டலம் கட்டியதை எடுத்துக் கொடுப்பது, கழுவுவது என்று நிறைய வேலை இருக்கிறது.

நினைவில் வைக்க வேண்டிய எண்கள் 5, 60, 4. ஐந்து பாகைக்கும் அறுபது பாகை செல்சியஸுக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சூடான உணவு அறுபதுக்கு மேலும், குளிர்ந்தது ஐந்துக்குக் கீழும் இருக்க வேண்டும். சமைத்து நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். பாத்திரத்தின் மேல் சமைத்து முடித்த நேரத்தை ஒரு ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டினால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நம் கடைகளில் முதலில் கெட்டுப்போவது தேங்காய்ச் சட்னி. பெரிய அண்டாவில் மேசைமேல் வைக்காமல், சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து ஐஸ் பெட்டியில் வைத்து ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். சோறும் அப்படித்தான். வெந்த சோறு வெளியே ஆறிக் கிடந்தால் அதில் உருவாகும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

கரண்டி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சைவத்துக்கு எடுத்த கரண்டி மீன் குழம்புக்குள் போகக் கூடாது. மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, முட்டை, இறால், கடலை எதில் இருக்கிறது என்று பெரிய எழுத்தில் அட்டையில் எழுதுங்கள், நான்கு மொழியில் எழுத முடிந்தால் இன்னும் நல்லது. 'ஹலால்' என்ற அட்டையை நீங்களாக வைக்கக் கூடாது. அந்தச் சான்றிதழை வழங்குவது முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் மட்டுமே. யாராவது கேட்டால் சான்றிதழ் இருக்கும் கடையைக் காட்டுங்கள், இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். 'எல்லாம் கோழிதான், பரவாயில்லை' என்பது பதிலாகாது.

பணமும் கூப்பனும் கைமாறும் இடம்

நிறையச் சந்தைகளில் கடையில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். கூப்பன் மேசையில் மட்டும் பணம், கடையில் கூப்பன் மட்டும். புதியவர்களுக்கு இது வீண் சுற்றாகத் தோன்றும். ஆனால் நாற்பது கடைகளில் நாற்பது பணப்பெட்டிகள் இருப்பதைவிட, ஒரே மேசையில் பணம் இருப்பது பாதுகாப்பானது. பிற்பாடு எந்தக் கடை எவ்வளவு விற்றது என்பதும் கூப்பனை எண்ணினால் தெரிந்துவிடும். ஆகவே அவசரத்தில் வந்த ஒருவர் பத்து வெள்ளி நோட்டை நீட்டினால், அன்பாக மறுத்துக் கூப்பன் மேசைக்கு வழி காட்டுங்கள். நடக்க முடியாத முதியவர் என்றால் அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, கூட வந்தவரை அனுப்பச் சொல்லுங்கள்.

வாங்கிய கூப்பனை உடனே கிழித்தோ துளையிட்டோ கடைப் பையில் போட வேண்டும். மேசைமேல் முழுதாகக் கிடக்கும் கூப்பன் காற்றில் பறக்கும், மறுபடி கைமாறும்.

பேநவ் என்ற உடனடி மின்பணமாற்று மூலம் பணம் வாங்கும் மேசையில் நிற்கிறீர்கள் என்றால், கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ததும் வாங்குபவரின் திரையில் மருத்துவமனையின் பெயர் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பணம் போனதற்கான அவரது திரையை மட்டும் நம்பாமல், மேசையில் இருக்கும் கருவியில் வந்ததா என்று பார்த்த பிறகே கூப்பன் கொடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும், 'இப்போதைக்கு என் எண்ணுக்கு அனுப்புங்கள், பிறகு மாற்றிவிடுகிறேன்' என்று சொல்லாதீர்கள். நல்ல மனத்தோடு செய்தாலும் பின்னால் யாராலும் விளக்க முடியாத கணக்கு அது.

பணம் எண்ணும்போது எப்போதும் இரண்டு பேர். ஒருவர் எண்ண, மற்றவர் மறுபடி எண்ண, இருவரும் கையெழுத்துப் போட்டு, பையை மூடி ஒட்ட வேண்டும். உங்கள் சொந்தக் கைப்பையை மேசைக்கடியில் வைக்காமல் தொண்டூழியர் அறையில் வைத்துவிடுங்கள். தொகை முன்பின் இருந்தால் உங்கள் காசைப் போட்டுச் சரிக்கட்ட நினைக்காதீர்கள். குறைவோ அதிகமோ, இருப்பதை அப்படியே எழுதுங்கள்.

இந்தக் கண்டிப்புக்கெல்லாம் காரணம் இருக்கிறது. பொதுநல அமைப்புகள் ஓர் ஆண்டில் நிதி திரட்டுவதற்காகச் செலவழிப்பது, திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது இங்குள்ள விதி. கூடார வாடகை, அச்சு, மேடை எல்லாம் அந்த முப்பதுக்குள் அடங்க வேண்டும். நன்கொடையாக வந்த அரிசி மூட்டை, சும்மா கிடைத்த ஐஸ், சம்பளம் வாங்காத உங்கள் உழைப்பு ஆகியவைதான் அந்த எண்ணைக் கீழே வைத்திருக்கின்றன. எனவே கைக்கு வரும் கையுறை, பிளாஸ்டிக் தட்டு, டேப் எதையும் வீணாக்காமல் இருப்பதும் நிதி திரட்டுவதில் சேர்த்திதான்.

நோயாளிகள் கீழே வரும் நேரம்

சந்தையிலேயே எனக்கு மிக முக்கியமாகப்படும் பகுதி இது. வார்டிலேயே நாட்களைக் கழித்த ஒருவருக்கு அன்று வெயில் மேலே படுகிறது, பாட்டுக் கேட்கிறது, கடைக்காரரிடம் விலை கேட்க முடிகிறது. இயன்முறை சிகிச்சையாளர் ஒரு மாதமாகச் சொல்லிக்கொடுப்பதை, ஒரு கடை முன்னால் நின்று ஒரு பொருளைக் கையில் எடுக்கும் ஆசை ஒரே நிமிடத்தில் செய்ய வைப்பதும் உண்டு.

முதலில் பெயரைக் கேளுங்கள், எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும் என்று கேளுங்கள். தமிழர்களிடம் 'ஐயா', 'அம்மா', கொஞ்சம் பழகியதும் 'தாத்தா', 'பாட்டி'. சீன முதியவர்களை 'ஆ கொங்', 'ஆ மா' என்றும் மலாய்க்காரர்களை 'பாக்சிக்', 'மக்சிக்' என்றும் அழைத்தால் முகம் மலரும். நின்றபடி தலைக்கு மேலிருந்து பேசாமல், அவர் கண் மட்டத்துக்குக் குனிந்து பேசுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்குச் சொல் வர நேரமாகும். அந்த இடைவெளியை நீங்கள் நிரப்பாமல் காத்திருங்கள்.

சக்கர நாற்காலியைத் தொடும் முன் சொல்லிவிட்டுத்தான் தள்ள வேண்டும். நிறுத்தும் ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் பிரேக் போடுங்கள். பாதம் இரண்டும் மிதிபலகைமேல் இருக்கிறதா, செயலிழந்த கை சக்கரத்துக்குள் தொங்குகிறதா என்று பாருங்கள். சேலையோ கைலியோ கட்டியிருந்தால் நுனியைச் செருகி விடுங்கள். சரிவில் இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, நீங்கள் முதலில் பின்புறமாக இறங்க வேண்டும். கூடாரத்துக்குக் குறுக்கே போகும் மின்கம்பிகளின்மேல் முன்சக்கரத்தை வேகமாக மோதினால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் விழுந்துவிடுவார். அவர் எழுந்து நிற்க ஆசைப்பட்டால் தாதியை அழைக்க வேண்டும். நீங்களே அக்குளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கப் பார்க்காதீர்கள். அவருக்கும் ஆபத்து, உங்கள் முதுகுக்கும் ஆபத்து.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து இருமுறை படியுங்கள். தாதியைக் கேட்காமல் எந்த நோயாளிக்கும் எதையும் சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காதீர்கள். தண்ணீர்கூட வேண்டாம். பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கும் திறன் குறைந்தவர்களுக்குச் சாதாரணத் தண்ணீர் உணவுக்குழாய்க்குப் பதில் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அது நுரையீரலில் இறங்கினால் நிமோனியா வரும். அதனால்தான் அவர்களுக்குத் தேநீரைக்கூட மாவு கலந்து கெட்டியாக்கிக் கொடுக்கிறார்கள். எந்தப் பானம் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும், எந்த உணவு எவ்வளவு மசிந்திருக்க வேண்டும் என்பதற்கு 0 முதல் 7 வரை நிலைகள் வைத்த ஒரு சர்வதேச அளவுகோலே இருக்கிறது, பெயர் ஐடிடிஎஸ்ஐ. படுக்கைக்கு மேல் தாதியர் எழுதி வைத்திருக்கும் எண்ணுக்கு அர்த்தம் அதுதான்.

ஒரு பாட்டி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, 'ஒரே ஒரு வடை குடு தம்பி, நாக்கு செத்துப்போச்சு' என்று கெஞ்சுவார். மனம் இளகத்தான் செய்யும். 'இருங்க பாட்டி, சிஸ்டர்கிட்ட கேட்டுட்டு வரேன்' என்று சொல்லி, நிஜமாகவே போய்க் கேளுங்கள். சிலருக்குச் சரி என்பார்கள், சிலருக்கு அதே சுவையில் மசித்த வேறொன்றைத் தருவார்கள். ஒரு காலத்தில் திரையரங்கு வாசல்களில் நம்மவர்கள் கூம்புப் பொட்டலத்தில் விற்ற கச்சாங் பூத்தே என்ற கடலை வகைகளைப் பார்த்தால் பழைய ஆட்களுக்குக் கண் மின்னும். ஆனால் முழுக் கடலை, தொண்டை பலவீனமானவர்களுக்கு மிக ஆபத்தான பண்டங்களில் ஒன்று. வாசனையை முகர்ந்து, பழைய கதையைச் சொல்ல விடுங்கள். அதைக் கேட்க ஆள் இருந்தாலே பாதி ஆசை தீரும்.

புகைப்படம் எடுக்காதீர்கள். நோயாளியின் முகமோ, மணிக்கட்டுப் பட்டையோ, பின்னணியில் பெயர்ப் பலகையோ பதிவாகிச் சமூக ஊடகத்துக்குப் போனால், அது அவர் அனுமதி இல்லாமல் அவர் நோயை ஊருக்குச் சொல்வது. மருத்துவமனையின் படக்காரர் அனுமதி வாங்கி எடுப்பார். நோயாளி சொன்ன குடும்பக் கதைகளும் அப்படித்தான், வெளியே போகக் கூடாது.

மறதிநோய் உள்ளவர்கள் கூட்டத்தில் மெதுவாக வாசல் பக்கம் நடந்துவிடுவதுண்டு. மணிக்கட்டில் பட்டை கட்டிய ஒருவர் தனியாக வெளியே போவதைப் பார்த்தால் தடுத்து இழுக்காமல், கூடவே நடந்து பேச்சுக் கொடுங்கள். இன்னொருவரை விட்டுத் தாதியை அழைக்கச் சொல்லுங்கள்.

உடுப்பு, உடல்நிலை, மழை

மூடிய காலணி, தளர்ந்த பருத்தி உடை, தண்ணீர் பாட்டில், ஒரு சின்னத் துண்டு. அத்தர், வாசனைத் திரவியம் வேண்டாம், மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கு ஆகாது. முந்தின நாள் தொண்டை கரகரத்தாலோ வயிறு சரியில்லாவிட்டாலோ வர வேண்டாம். முகக்கவசம் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்தக் கட்டடத்தில் இருப்பவர்களுக்கு உங்கள் சளி வெறும் சளியாக நிற்காது. காலையிலேயே பொறுப்பாளருக்கு ஒரு செய்தி அனுப்பினால் அவர் ஆள் மாற்றிக்கொள்வார்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ராப் புயற்காற்று அடித்து, கட்டிய கூடாரத்தைச் சாய்த்துவிடும். டிசம்பரிலும் ஜனவரியிலும் வடகிழக்குப் பருவமழை. மின்னல் எச்சரிக்கை வந்தால் கூடாரம் பாதுகாப்பில்லை, எல்லோரும் கட்டடத்துக்குள் போக வேண்டும். முதலில் நோயாளிகள், பிறகு பிள்ளைகள், அப்புறம் கூப்பன் பையும் பணப்பெட்டியும், கடைசியில் பொருட்கள். சட்டியில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுங்கள். தீயணைப்புக் கருவி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் கடைக்குள் நுழைந்ததுமே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

கடை கட்டும் நேரம்

நான்கு மணிக்குக் கூட்டம் கலையும். மேடைக்காரர்கள் கிளம்புவார்கள், பாதித் தொண்டூழியர்களும் கிளம்பிவிடுவார்கள். எண்ணெய்ச் சட்டிகள், ஈரத் தரைவிரிப்புகள், ஆயிரம் கூப்பன் துண்டுகள், நூற்றுக்கணக்கான நாற்காலிகள் மட்டும் இருக்கும். ஒருவர் மட்டும் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு திணறாமல், பொறுப்பாளரிடம் ஒரு மூலையைக் கேட்டு வாங்கி, அதை முழுசாக முடியுங்கள். பொரித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றக் கூடாது. ஆறவிட்டு டின்னில் அடைக்க வேண்டும். மீந்த சாப்பாட்டில் நான்கு மணி நேரம் கடந்ததை யாருக்கும் கட்டிக் கொடுக்காதீர்கள், எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும். வாங்கியவர்களிடம் மீந்த கூப்பனுக்கு வழக்கமாகப் பணம் திருப்பித் தர மாட்டார்கள். அவற்றைப் போட வாசலில் ஒரு பெட்டி வைக்கச் சொல்லுங்கள், நிறையப் பேர் மனமுவந்து போட்டுவிட்டுப் போவார்கள்.

உங்கள் கடையின் கூப்பன் பையைக் கடை எண் எழுதி ஒட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கணக்கு மேசையில் ஒப்படைத்த பிறகுதான் உங்கள் ஷிஃப்ட் முடிகிறது. அட்டை, டி-ஷர்ட், வாக்கி டாக்கி திருப்பித் தர வேண்டியவை என்றால் அப்போதே தந்துவிடுங்கள்.

மறுவாரத்துக்குள், நினைவு மங்கும் முன், பொறுப்பாளருக்கு நாலு வரி எழுதி அனுப்புங்கள்: எது எத்தனை மணிக்குத் தீர்ந்தது, எது விற்காமல் நின்றது, எந்த இடத்தில் சக்கர நாற்காலி போக வழியில்லாமல் திண்டாடினோம், எத்தனை கத்தரிக்கோல் போதவில்லை. அடுத்த ஆண்டுக்கான கூட்டத்தில் அவர் முதலில் எடுத்துப் பார்ப்பது அந்தக் குறிப்புகளைத்தான்.